வழக்கமாக வசிப்பவர்கள்

எங்கள் ஊரைப் பற்றி மொத்தமே ஒரு பக்கம்தான் உண்டு. அதை எழுதுகிறவள் நான். நகர அலுவலகத்தில் வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சுக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள் அது தொங்குகிறது. தலைப்பு ‘ஊர் விவரம்’. வருஷத்துக்கு ஒரு முறை புது எண்களைப் போட்டுத் திரும்ப மாட்டுவேன். ஒரு பிரதி மேலிடத்துக்குப் போகும். இருபத்தொன்பது வருஷமாக இந்த வேலையைச் செய்கிறேன். அதை முழுசாக யாரும் படித்து நான் பார்த்ததில்லை. பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் தலையைச் சாய்த்துச் சாய்த்து, சட்டத்துக்குக் கீழே சுவரில் எண்ணெய்க் கறை படிந்ததுதான் மிச்சம்.

ஆறு எங்கள் ஊரை மூன்று பக்கமும் சுற்றிக்கொண்டு போகிறது. நாலாவது பக்கம் தார்ச்சாலை. கடல் மட்டத்திலிருந்து பதினொரு மீட்டர் உயரம். வெள்ளம் வந்தால் அதுவும் கிடையாது. அக்கரையில் இருப்பது பெரிய ஊர். சாலை வழியே போய்ப் பாலம் ஏறி இறங்கினால் முப்பத்தெட்டு கிலோமீட்டர், படகில் இருபது நிமிஷம். படகு ஒரு நாளைக்கு ஆறு தடவை. பள்ளிக்கூடம் இரண்டு. மருத்துவமனை ஒன்று, படுக்கை எட்டு. தபால் நிலையம், வங்கி, பேருந்து நிலையம் ஒவ்வொன்று. பூங்கா ஒன்று. அது பூட்டியே கிடக்கிறது, ஆனால் பூட்டைப் பற்றிக் கேட்கும் கட்டம் படிவத்தில் இல்லை. நூலகம்: இல்லை.

அந்த ‘இல்லை’யை எழுதியது நான்தான். மூன்று வருஷத்துக்கு முன்பு வரை அந்த இடத்தில் ‘ஒன்று’ என்று இருந்தது. அந்த ஒன்றில் வேலை பார்த்தவள் என் தங்கை.

நானும் அவளும் அப்பா அம்மா விட்டுப்போன வீட்டில் ஒன்றாக இருந்தோம். இரண்டு பேருக்குமே கல்யாணம் அமையவில்லை. அதைப் பற்றி ஊர் பேசிப் பேசி, அதற்கே அலுத்துப்போய் விட்டுவிட்டது. நான் அலுவலகம், அவள் நூலகம், சாயங்காலம் ஒரே சமையலறை. எனக்கு ஊரில் ‘கறாரம்மா’ என்று பெயர். அவளுக்குப் பட்டப்பெயர் எதுவும் கிடையாது. அவளை எல்லோருக்கும் பிடிக்கும்.

நூலகத்துக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக எத்தனை வாசகர்கள் வருகிறார்கள் என்று படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. இருபத்தைந்துக்குக் கீழே போனால் மூடிவிடலாம் என்று மேலிடம் விதி கொண்டுவந்தது. அந்த வருஷம் நான் ஒரு வாரம் முழுக்க நூலக வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணினேன். பதினொன்று. அதிலும் இரண்டு பேர் மின்விசிறிக் காற்றுக்காக வருகிறவர்கள். பெரிய மனசு பண்ணி அவர்களையும் சேர்த்துத்தான் பதினொன்று.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

“இருபத்தஞ்சுன்னு எழுதிடேன்க்கா. யார் வந்து எண்ணப்போறாங்க?”

“அதான் நானே எண்ணிட்டேனே” என்றேன்.

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. நான் பதினொன்று என்றே எழுதினேன். நாலு மாசத்தில் நூலகத்துக்குப் பூட்டு வந்தது. அவளுக்கு அக்கரையில், பெரிய மருத்துவமனையின் பதிவு மேஜையில் வேலை கிடைத்தது. சண்டை என்று எதுவும் நடக்கவில்லை. சண்டை போட்டிருந்தால் தேவலை. சாப்பிட்டாயா என்று கேட்பதை மட்டும் நிறுத்திக்கொண்டாள். கிளம்பும் நாளில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “இனிமே உன் வீட்டுல எண்ணுறதுக்கு ஒரு ஆள் குறைச்சல். வேலை சுலபமா இருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் செய்தது தப்பில்லை. அதுதான் தொல்லையே. தப்பு செய்திருந்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். சரியாகச் செய்ததற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவளுடைய தொலைபேசி எண் மேஜைக் கண்ணாடிக்குக் கீழே இருந்தது. மூன்று வருஷம் அதன்மேல் தேநீர்க் குவளையை வைத்துக்கொண்டிருந்தேன். அவளும் கூப்பிடவில்லை. ரோஷம் எங்கள் வீட்டுச் சொத்து. அப்பா வழியில் வந்தது, சரிபாதியாகப் பிரித்துக்கொண்டோம்.

தனியாக இருப்பது எப்படி என்று என்னை யாராவது கேட்டிருந்தால் எண்ணிக்கையாகவே சொல்லியிருப்பேன். பால் பாக்கெட்டில் பாதி திரிந்துபோகும். அரிசி இரண்டு கைப்பிடி போட்டுப் பழகிய கை, ஒன்றோடு நிற்க ஒரு வருஷம் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாயைத் திறந்தால் சனிக்கிழமைக்குப் பிறகு பேசும் முதல் வார்த்தை அதுவாக இருக்கும், அதுவும் பால்காரரிடம். மாடி ஜன்னலில் நின்றால் அக்கரைக் கட்டடங்களின் விளக்குகள் தெரியும். பழக்கதோஷம், எண்ணுவேன். நாற்பத்தாறு, நாற்பத்தேழு என்று போகும். அதில் எது அவளுடையது என்று தெரியாததால் ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் எண்ண வேண்டியிருந்தது.

படகோட்டி மட்டும் என்னைத் துறைப்பக்கம் பார்த்தால் கேட்காமலே சொல்வார், தங்கச்சி நல்லா இருக்காங்க என்று. ஆற்றில் தண்ணீர் எவ்வளவு என்று சொன்னதைக் கேட்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவேன்.

இந்த வருஷம் தலை எண்ணும் வருஷம். வீடு வீடாகப் போய், படிவம் நிரப்பி, கதவுச் சட்டத்தில் சாக்பீஸால் ஆட்களின் எண்ணிக்கையை எழுதிவிட்டு வர வேண்டும். மக்கள்தொகை நாலாயிரத்துக்குக் கீழே போனால் படகு ஆறு தடவையிலிருந்து நாலாகக் குறையும் என்று பேச்சு அடிபட்டது. அதனால் ஊரே திடீரென்று வெளியூரில் இருக்கும் பிள்ளைகளை எல்லாம் வீட்டில் கொண்டுவந்து உட்காரவைத்தது. எந்த வீட்டுக்குப் போனாலும் கண்ணுக்குத் தெரிகிற ஆள் இரண்டு, வாயில் வருகிற ஆள் ஐந்து.

என்னிடம் இதெல்லாம் வேகாது. விதிப்புத்தகத்தைக் கையிலேயே வைத்திருந்தேன். ‘வழக்கமாக வசிப்பவர் என்பவர், அந்த வீட்டில் ஆறு மாதமோ அதற்கு மேலோ தங்கியிருப்பவர், அல்லது இனி ஆறு மாதம் தங்கும் உத்தேசத்துடன் வந்திருப்பவர்.’ முதல் பாதியைத்தான் எல்லா வீட்டிலும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். இரண்டாவது பாதிக்கு எங்கள் ஊரில் வேலையே இல்லை. இங்கே வருகிறவர் யார்?

எங்கள் தெருவில் தையல்காரர் வீட்டுக்குப் போனபோது அவர் மனைவி நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, பிறகு மகனின் பெயரைச் சொன்னார். மகன் போய் நாலு வருஷம் ஆகிறது. எனக்கே தெரியும். அவனுடைய சட்டையெல்லாம் அலமாரியில் அப்படியே இருக்கிறது, தட்டு கூட எடுத்து வைக்கவில்லை என்றார். சட்டையை எண்ணச் சொன்னால் எண்ணுகிறேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

“அவன் திரும்பி வர்ற உத்தேசம் இருக்கும்மா. உங்க புஸ்தகத்துலகூட அப்படி இருக்காமே.”

யாரோ படித்துச் சொல்லியிருக்கிறார்கள்.

“உத்தேசம் யாருக்கு? அவருக்கா, உங்களுக்கா?” என்று கேட்டேன். “அவரோடதா இருக்கணும். உங்களோடதை எழுத இதுல கட்டம் இல்ல.”

அந்த அம்மாள் தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கதவுச் சட்டத்தில் 2 என்று எழுதினேன். தையல்காரர் மெஷினை விட்டுத் தலையைத் தூக்காமலே மனைவியிடம் சொன்னார், என் காதில் விழ வேண்டும் என்றே சொன்னார்: “சொந்தத் தங்கச்சி வேலையையே எழுதிப் பறிச்சவங்க. நம்ம பையன் எந்த மூலைக்கு?”

கேட்காத மாதிரி வந்துவிட்டேன். அடுத்த வீட்டில் ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்டேன்.

எங்கள் தெருவில் கடைசி வீடு என்னுடையது. என் வீட்டுக்கு நானேதான் போனேன், வேறு ஆள் கிடையாது. சாயங்காலம் நாலு மணி. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து படிவத்தைப் பிரித்தேன். வேலையை முறையாகச் செய்ய வேண்டும் என்று முதல் கேள்வியை வாய்விட்டே படித்தேன். இந்த வீட்டில் வழக்கமாக வசிப்பவர்கள் எத்தனை பேர்?

எதிர் நாற்காலியில் மடித்த துணி இருந்தது. ஊரில் ஆயிரத்துச் சொச்சம் வீட்டில் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதியிருக்கிறேன், ஒருபோதும் கை நின்றதில்லை. இங்கே நின்றது. ஒன்று என்று எழுதவேண்டியதுதான். நான் 2 என்று எழுதினேன்.

எழுதினதும் கை தானாகவே ஓடியது. இரண்டாவது வரி: உறவு, தங்கை. வயது ஐம்பத்தொன்று. அவளுடைய அடையாள எண் எனக்கு மனப்பாடம், அதையும் எழுதினேன். தொழில் என்ற கட்டத்தில் ‘நூலகர்’ என்று எழுதினேன். பிறகு சாக்பீஸை எடுத்துக்கொண்டு வெளியே போய், என் கதவுச் சட்டத்தில் நானே 2 போட்டேன். திருட்டுத்தனம் பண்ணியவளுக்கு வெட்கமாக இருக்க வேண்டும். இருந்தது. ஆனால் அன்றைக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு பசித்துச் சாப்பிட்டேன்.

ஊர் மொத்தம் நாலாயிரத்து அறுபத்து மூன்று வந்தது. படகு தப்பித்தது. எல்லோரும் என்னைத் திட்டிய வாயை மூடிக்கொண்டார்கள்.

ஐந்து வாரம் கழித்து மேலிடத்திலிருந்து ஓர் உறை வந்தது. ஒரே ஆள் இரண்டு ஊரில் எழுதப்பட்டிருந்தால் அடையாள எண்ணை வைத்து அவர்களுடைய கணினி கண்டுபிடித்துவிடும். அந்தப் பட்டியல்தான் அது. எங்கள் ஊருக்குப் பதினாலு பேர். ஒவ்வொருவரையும் நேரில் விசாரித்து, எங்கே வசிக்கிறார் என்று எழுதி வாங்கி, மற்ற கரையில் பெயரை அடித்துவிட வேண்டும். இரண்டு கரைக்கும் அந்த ஒரு வாக்குமூலம் போதும்.

உறையைப் பிரித்துப் பெயர்களின்மேல் விரலை ஓட்டினேன். எதிர்பார்த்ததுதான். ஒன்பதாவது பெயர் என் தங்கையுடையது. இக்கரையில் என் வீடு, அக்கரையில் அவள் வீடு. மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன்.

பத்தாவது பெயர் என்னுடையது.

கணினியின் கோளாறு என்றுதான் முதலில் தோன்றியது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தேன். என் பெயர், என் வயது, என் அடையாள எண். இக்கரையில் என் வீடு. அக்கரையில், என் தங்கையின் வீடு. உறவு: அக்கா. வழக்கமாக வசிப்பவர்.

பெஞ்சில் ஒருவர் சான்றிதழுக்காகக் காத்திருந்தார். அவர் இரண்டு தடவை இருமிய பிறகுதான் எனக்கு அலுவலகம் ஞாபகம் வந்தது.

தொலைபேசியில் விசாரித்து முடித்திருக்கலாம். மற்ற பன்னிரண்டு பேரை அப்படித்தான் முடித்தேன், பன்னிரண்டு பேருமே எங்கள் ஊரிலேயே இருப்பவர்கள். விதிப்படி நேரில்தான் விசாரிக்க வேண்டும் என்று இந்த இரண்டு பேருக்கு மட்டும் திடீரென்று எனக்கு விதி ஞாபகம் வந்தது. சனிக்கிழமை மதியப் படகில், வாக்குமூலப் படிவத்தைப் பையில் வைத்துக்கொண்டு ஏறினேன். படகோட்டி என்னைப் பார்த்து எதுவும் சொல்லவில்லை. உட்கார இடம் மட்டும் துடைத்துக் கொடுத்தார். நடு ஆற்றில் திரும்பிப் பார்த்தபோது எங்கள் ஊர் ஒரு விரல் அகலம்தான் இருந்தது. இருபத்தொன்பது வருஷமாக அதைப் பற்றி எழுதுகிறேன், இந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை.

அவள் இருந்தது ஒரு மாடி வீடு. கீழே வீட்டுக்கார அம்மாள் படியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும், கண்ணாடி அவ்வளவு தடிமன். அக்கரை நகர அலுவலகத்திலிருந்து வருகிறேன், மாடியில் இருப்பவரைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் துணியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து, கிட்டே வந்து என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

“அட, மாடி அக்காவா? தங்கச்சி ஜாடை அப்படியே இருக்கே. மூணு வருஷமா ஒரே வீட்டுல இருக்கோம், இன்னைக்குத்தான் உங்க முகத்தைப் பார்க்கிறேன். காலையில முதல் படகுக்குப் போயிடுறீங்க, கடைசிப் படகுல வர்றீங்க. நான் எந்திரிக்கிறதுக்குள்ள போயாச்சு, நான் படுத்தப்புறம்தான் வர்றது. இப்படி ஓடினா உடம்பு என்னத்துக்கு ஆகும்? இன்னைக்கு என்ன, சீக்கிரம் வந்துட்டீங்க?”

இருபத்தொன்பது வருஷமாக ஒரு எண்ணைக்கூட மாற்றிச் சொல்லாதவள் நான். என் வீட்டுப் படிவத்தைத் தவிர. அந்த அம்மாளிடம் சொன்னேன்: “ஆமாங்க. இன்னைக்குக் கொஞ்சம் சீக்கிரம்.”

மாடிப்படி இருபத்திரண்டு. மேலே கதவுக்கு வெளியே இரண்டு ஜோடிச் செருப்புகள் இருந்தன. ஒன்று அவளுடையது. மற்றது பழுப்பு நிறம், வார் அறுந்து கறுப்பு நூலால் தைத்தது. தைத்தது நான். மூன்று வருஷத்துக்கு முன்பு அந்தச் செருப்பைத் தேடாத இடமில்லை. தெருநாய் கொண்டுபோய்விட்டது என்று முடிவுகட்டி, அந்த நாயை ஒரு மாசம் விரட்டிக்கொண்டிருந்தேன்.

கதவைத் திறந்த தங்கைக்குத் தலை பாதி நரைத்திருந்தது. என்னைப் பார்த்தாள், என் பையைப் பார்த்தாள். உள்ளே வா என்று சொல்லாமல் வழி விட்டாள்.

ஒரே அறை. சுவரோரம் ஒரு கட்டில், ஜன்னலோரம் ஒரு கட்டில். கொடியில் இரண்டு துண்டுகள். அலமாரியில் இரண்டு குவளைகள், ஒன்று மட்டும் விளிம்பு தேய்ந்திருந்தது. நான் ஒவ்வொன்றாகப் பார்ப்பதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளே சொல்ல ஆரம்பித்தாள். வீட்டுக்கார அம்மாள் தனி ஆளுக்கு வீடு தருவதில்லையாம். முன்பு இருந்த ஒருவர் தனியாகக் கிடந்து, விழுந்து, இரண்டு நாள் யாருக்கும் தெரியாமல் இருந்திருக்கிறார். ஒன்று கிடக்க ஒன்று ஆனால் யார் பார்ப்பது என்று அந்த அம்மாளுக்குப் பயம். அதனால் அக்காவும் கூட இருக்கிறாள், வேலைக்கு அக்கரை போய்வருகிறாள் என்று சொல்லிவைத்திருக்கிறாள். தண்ணீர்க் குழாய் பார்க்க அந்த அம்மாள் சில சமயம் மேலே வருவார். அதற்காகத் தினமும் காலையில் ஜன்னலோரக் கட்டிலின் விரிப்பைக் கலைத்து, மறுபடி மடித்து வைப்பாளாம்.

நான் பட்டியலை எடுத்து அவளிடம் நீட்டினேன். ஒன்பதாவது வரியில் அவள் விரல் நின்றது. தொழில் கட்டத்தில் ‘நூலகர்’ என்று இருந்ததைப் படித்தாள். ரொம்ப நேரம் அந்த ஒரு வார்த்தையையே படித்தாள்.

“நீ பொய் எழுதினியா?” என்று கேட்டாள். கோபமில்லை, நம்ப முடியாத குரல்.

“எழுதினேன்.”

“அன்னைக்கு ஒரு எண்ணை மாத்த உன்னால முடியலயே.”

“முடியல. இன்னைக்குக் கேட்டாலும் பதினொண்ணுதான். ஆனா வீட்டுல ஒரு ஆள்னு எழுதக் கை வரல. நீ இல்லாம அந்த வீடு எனக்குப் பிடிக்கல. மூணு வருஷமா பிடிக்கல.”

இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. இதைச் சொல்ல இருபது நிமிஷப் படகுப் பயணம் போதும். நான் மூன்று வருஷம் எடுத்துக்கொண்டேன்.

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். “நானும் வீட்டுக்காரம்மாவுக்காகத்தான் சொல்றேன்னு நினைச்சுட்டு இருந்தேன்” என்றாள். “ஆனா எண்ண வந்த டீச்சர் கேட்டப்போ அந்தம்மா ஊர்ல இல்ல. அறையில நானும் டீச்சரும் மட்டும்தான். எத்தனை பேர்னு கேட்டாங்க. ரெண்டுன்னு என் வாயிலதான் வந்துச்சு.”

கீழே வீட்டுக்கார அம்மாள் வாளியை நகர்த்தும் சத்தம் கேட்டது. பிறகு நான் பேனாவை எடுத்தேன். வேலை என்று ஒன்று இருக்கிறதே.

ஒன்பதாவது வரி சுலபம். அக்கரைக்காரி, அதாவது இப்போது நாங்கள் இருக்கும் இந்தக் கரைக்காரி. எங்கள் ஊர்க் கணக்கில் அவள் பெயரை அடித்தேன். கையெழுத்துப் போட்டாள். பத்தாவது வரிக்கு வந்தேன். ஒரு வீட்டில் ஆள் குறைத்து எழுதினால் வீட்டு உரிமையாளரிடம் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. அவளும் அதைப் படித்துவிட்டாள்.

“எழுது” என்றாள். “அந்தம்மா நல்லவங்கதான். வேற இடம் பார்க்க ஒரு மாசம் டைம் கொடுப்பாங்க.”

குத்திக்காட்டிச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாள். அக்கா உண்மையைத்தான் எழுதுவாள், அதனால் நமக்கு ஒரு இடம் போகும், வேறு இடம் தேட வேண்டும் என்று அதற்குத் தயாராகவே உட்கார்ந்திருந்தாள். என்னை இப்படித் தெரிந்துவைத்திருப்பது உலகத்தில் ஒரே ஒரு ஆள். அந்த ஆளுக்கு என்னிடம் இதற்குமேல் எதிர்பார்ப்பு எதுவும் இல்லை என்பது என்னை உலுக்கிவிட்டது.

பொய் எழுதக்கூடாது. ஒரு தடவை எழுதி, மாட்டிக்கொண்டும் ஆயிற்று. உண்மையை எழுதினால் இவள் தெருவில் நிற்பாள். பையிலிருந்து விதிப்புத்தகத்தை எடுத்தேன். என்ன தேடுகிறாய் என்று கேட்டாள். ‘வழக்கமாக வசிப்பவர்’ பக்கத்தைப் பிரித்துப் படித்தேன். முதல் பாதியை ஊர் முழுக்க உரக்கப் படித்தவள், இரண்டாவது பாதியை அன்றைக்குத்தான் எனக்காகப் படித்தேன்.

“முதல் படகு ஆறு மணிக்குத்தானே?” என்று கேட்டேன்.

“ஆமா.”

“கடைசி ஏழரைக்கு.”

“அதை எழுதினதே நீதானே. என்னைக் கேட்கிறே?”

“ஜன்னலோரக் கட்டில் யாருது?”

அவள் கட்டிலைப் பார்த்தாள். “உன்னுது” என்றாள்.

பத்தாவது வரியில் என் வீடாக இந்த மாடி வீட்டைக் காட்டி எழுதினேன். எங்கள் ஊர்ப் பக்கத்தில் என் பெயரின்மேல் ஒரு கோடு போட்டேன். காரணம் என்ற கட்டத்தில், ‘இன்று முதல் ஆறு மாதத்துக்கு மேல் தங்கும் உத்தேசத்துடன் வந்திருக்கிறார்’ என்று விதிப்புத்தகத்து வார்த்தையிலேயே எழுதினேன். ஓய்வு பெற இன்னும் பதினொரு மாசம். அதுவரை முதல் படகு, கடைசிப் படகு. அந்த அம்மாளுக்கு இவள் சொன்ன கதையில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

அவள் படிவத்தை வாங்கிப் படித்தாள். “இது உனக்காக எழுதினதா, எனக்காகவா?” என்று கேட்டாள். “எனக்காகன்னா வேண்டாம்க்கா. யாரோட உத்தேசம் இது?”

“என்னோடது” என்றேன். “அடுத்தவங்க உத்தேசத்தை எழுத இதுல கட்டம் இல்ல.”

அவள் அழுதாள். நானும் அழுதேன். அழுதபடியே, சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

மறுநாள் காலையில் ஜன்னலோரக் கட்டிலின் விரிப்பை நானே மடித்தேன். அதை யாரும் கலைக்க வேண்டியிருக்கவில்லை.

திங்கட்கிழமை ஊருக்கு வந்ததும் அலுவலகம் போவதற்கு முன்னால் வீட்டுக்குப் போனேன். ஈரத்துணியால் கதவுச் சட்டத்தில் இருந்த 2-ஐத் துடைத்துவிட்டு, ‘பூட்டிய வீடு’ என்று எழுதினேன். ஊர் மொத்தம் இனி நாலாயிரத்து அறுபத்தொன்று. நாங்கள் இரண்டு பேர் போனாலும் படகுக்கு ஆபத்தில்லை. எழுதி முடித்துத் திரும்பியபோது தையல்காரரின் மனைவி அவர் வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தலைக்குப் பக்கத்தில், கதவுச் சட்டத்தில், நான் போட்ட 2 அப்படியே இருந்தது.

“நீங்களும் போறீங்களா?” என்று கேட்டார்.

“பகல்ல இங்கேதான் இருப்பேன்” என்றேன். அவர் கேட்டது அதையல்ல என்று எனக்குத் தெரியும். இந்தத் தெருவில் சாயங்காலம் விளக்கு எரியும் வீடுகளில் ஒன்று குறைகிறது. எண்ணிப் பார்க்க நான் இருக்கமாட்டேன், அவர் இருப்பார்.

அவரிடம் போய் நின்றேன். அன்றைக்குப் பேசியது விதிப்படி சரி, ஆனால் அந்தக் குரலில் பேசியிருக்க வேண்டாம் என்று சொன்னேன். சரியாகச் செய்ததற்கு மன்னிப்புக் கேட்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை. அவர் தலையாட்டினார். பிறகு என் பூட்டிய கதவைப் பார்த்தபடி கேட்டார்.

“அங்கே எத்தனை பேர் இருக்கீங்க?”

“ரெண்டு பேர்” என்றேன்.